நூற்று முப்பத்தேழாவது பாரில் சூரியன்

ஜெரால்டு மாஸ்டர் கையிலிருந்த குச்சியை இறக்கியதும் வயலின்கள் முனக ஆரம்பித்தன, எமல்டாவும் மனசுக்குள் ஆரம்பித்தாள். ஒண்ணு ரெண்டு மூணு நாலு. ரெண்டு ரெண்டு மூணு நாலு. மூணு ரெண்டு மூணு நாலு. நாலு தட்டு சேர்ந்தால் ஒரு பார். ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் அது எத்தனையாவது பார் என்று சொல்லிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் விட்டுப்போகாது, இது அவள் புருஷன் ஞானப்பிரகாசம் சொல்லிக்கொடுத்த முறை, அவர் சொல்லிக்கொடுத்தது என்பதாலேயே இன்றைக்கு இதைப் பயன்படுத்தப் பிடிக்கவில்லை, ஆனால் வேறு முறை தெரியாதே. நாலு ரெண்டு மூணு நாலு. இப்படி நூற்று முப்பத்தாறு பார் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நூற்று முப்பத்தேழாவது பாரின் முதல் தட்டில், மடியில் கிடக்கும் இந்த இரண்டு சிம்பல் தட்டுகளையும் தூக்கி ஒரே ஒரு அடி. அவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் ஆறு வாரம் ஒத்திகை, புதுக் கறுப்புப் புடவை, கழற்றி வைத்த வளையல்கள், மூன்றாவது வரிசையில் அவள் வார்டிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் பதினோரு நர்சுகள். ஏன்தான் கூப்பிட்டாளோ. "நான் எப்ப அடிப்பேன்னு மட்டும் பாத்துக்கிட்டே இருங்கடி" என்று வேறு சொல்லி வைத்திருக்கிறாள். மாஸ்டர் இருபது வருஷமாக எழுதி அழித்து எழுதின பாட்டு இது, கடலோர விடியல் என்று பெயர், விடியற்காலையில் பெரம்பூரிலிருந்து மெரினாவுக்கு சைக்கிள் மிதித்துப் போய் மணலில் உட்கார்ந்து எழுதினாராம். முதல் நூற்று முப்பத்தாறு பாரும் இருட்டுக் கடல். வயலின்காரர்கள் அதே மூன்று சுரங்களை அலை மாதிரி மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருப்பார்கள், பிடித்துக்கொள்ள ஒரு கம்பம் கிடையாது. பிறகு டிம்பனியும் பேஸ் டிரம்மும் சிம்பலும் சேர்ந்து ஒரே அடி, அதைப் பிடித்துக்கொண்டு டிரம்பெட்டுகள் எழும்பும், சூரியன் வந்துவிடும். அதாவது எமல்டா அடிக்காவிட்டால் சென்னைக்கு விடியாது. மாஸ்டர் கை காட்டுவார் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்திருந்தாள். மாஸ்டரோ இந்தப் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொள்வார், ஐம்பதாவது பாருக்குள் அழவும் ஆரம்பித்துவிடுவார். எட்டு ரெண்டு மூணு நாலு. எட்டா, ஒன்பதா? எட்டுதான். ஒன்பது ரெண்டு மூணு நாலு.

இடப்பக்கம் திரும்பக் கூடாது. இடப்பக்கத்தில், நான்கு பெரிய செம்புக் கொப்பரைகளுக்கு நடுவே, போலீஸ் பேண்டில் முப்பத்திரண்டு வருஷம் அடித்து ரிட்டயர்டான ஞானப்பிரகாசம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். அவருக்கும் நூற்று முப்பத்தாறு பார் ஓய்வுதான், ஆனால் அவர் உட்கார மாட்டார், டிம்பனிக்காரன் உட்கார்ந்தால் ஆர்கெஸ்ட்ராவே உட்கார்ந்துவிடும் என்பார். எல்லாவற்றுக்கும் ஒரு வியாக்கியானம். வழக்கமாக சிம்பல் அடிக்கும் தாமஸுக்கு அக்கி வந்து படுத்த அன்றைக்கு, சாப்பாட்டு மேசையில் சமையல் பாத்திரங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அவளுக்குப் பாடம் எடுத்தார். இட்லிப் பானைதான் டிம்பனி. "சும்மா மேளம்னு நினைக்காத எமல்டா, இதுக்கு சுருதி உண்டு. காலால பெடலை மிதிச்சா தோல் இறுகும், சுருதி ஏறும். மத்ததெல்லாம் சத்தம் போடும், இதுதான் பேசும்." பதிமூணு ரெண்டு மூணு நாலு. அரிசி டப்பா பேஸ் டிரம், அது காதில் கேட்பதைவிட வயிற்றில்தான் கேட்குமாம். பிஸ்கட் டின்னில் ஒரு பிடி கடுகு போட்டு சைடு டிரம், அடியில் கம்பி ஓடுவதால் அதற்கு அந்த மொறுமொறுப்பு. தோசைக் கரண்டியை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஸ்பூனால் தட்டினார், ட்ரையாங்கிள், வளைத்த இரும்புக் கம்பிதான், ஆனால் அறுபது பேர் சேர்ந்து கத்தினாலும் அதன் குரல் தனியாகக் கேட்கும், "நம்ம தெருவுல மல்லிப்பூ விக்கிற அம்மா மாதிரி". பூரிக்கட்டையையும் நாலு மரக் கரண்டிகளையும் வரிசையாக அடுக்கி சைலஃபோன். "அப்ப நான்?" என்றாள். குக்கர் மூடியையும் குழம்புச் சட்டி மூடியையும் எடுத்துக் கையில் கொடுத்தார். "நீதான் ராணி. வயலின்காரங்க இருபது பேரு. அதுல மூணு பேர் தப்பா வாசிச்சாலும் ஒருத்தருக்கும் தெரியாது. நாம ஒரு தப்பு அடிச்சா தெருக்கோடி வரைக்கும் தெரியும். அவங்க பாட்டை நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க. கால் எங்க ஊணணும்னு சொல்றது பின்னாடி நிக்கிற நாமதான்." அன்றைக்கு அவரை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பதினேழா? பதினேழு. நேருக்கு நேர் மூடினால் நடுவில் காற்று மாட்டிக்கொண்டு பக் என்று சூட்கேஸ் மூடுகிற சத்தம்தான் வரும், ஒன்றின் மேல் ஒன்றைச் சாய்வாக உரசி இறக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டினார். ஒரு வாரம் வீடு முழுக்க பக், பக். கீழ் வீட்டுக்காரர் ஊருக்குப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டார். பத்தொன்பது ரெண்டு மூணு நாலு, இருபது, ஆ, இதோ, வலப்பக்கத்தில் ரூபன் ட்ரையாங்கிளை ஒரு தட்டு தட்டுகிறான், டிங், அதுதான் விடிவெள்ளி. சரியாக இருபது! எண்ண வராதாம் இவளுக்கு. யாருக்கு வராது?

அதுதான். அந்த வார்த்தைதான். இருபத்திரண்டு ரெண்டு மூணு நாலு. போன சனிக்கிழமை ஒத்திகையில் அவள் கொஞ்சம் முந்திக்கொண்டாள், வாஸ்தவம், நூற்று முப்பத்து மூன்றிலேயே அடித்துவிட்டாள், இருட்டுக் கடலில் திடீரென்று ஜாங் என்று. வயோலா வாசிக்கிற பெண் வில்லையே கீழே போட்டுவிட்டாள். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிஸ்டர், சூரியன் நாலு பார் முன்னாடியே வந்துட்டார்" என்று சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள், அவளும்கூட சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அப்போது இந்த மனுஷன், பிரம்பால் செய்த அந்தக் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே, அறுபது பேர் முன்னால், "அவளுக்கு எண்ண வராது மாஸ்டர். நான் தலையாட்டுறேன், அவ அடிப்பா" என்றார். எண்ண வராது! இருபத்தெட்டு வருஷமாக மனுஷர்களின் நாடியை எண்ணுகிறவளுக்கு எண்ண வராது! நிமிஷத்துக்கு முப்பது சொட்டு என்றால் கண்ணால் பார்த்தே குளுக்கோஸ் பாட்டிலைத் திருகி வைக்கிறவளுக்கு! "உங்க தலையாட்டல் எனக்குத் தேவையில்ல. நானே எண்ணிக்குவேன்" என்று அங்கேயே சொல்லிவிட்டாள், குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது, அதுதான் எரிச்சல். அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை. சண்டை என்றால் இரண்டு பேரும் ஃப்ரிட்ஜோடுதான் பேசுவது வழக்கம். "சாம்பார் சூடு பண்ணியாச்சு" என்று அவள் ஃப்ரிட்ஜிடம் சொல்வாள். "யாருக்கும் பசியில்லை" என்று அவர் ஃப்ரிட்ஜிடம் சொல்லிவிட்டு மூன்று கரண்டி ஊற்றிக்கொள்வார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வந்திருக்குமா? அறுபது பேர் முன்னால் சொன்னதற்கு ஃப்ரிட்ஜ் முன்னாலாவது ஒரு வார்த்தை? முப்பத்தொன்பது ரெண்டு மூணு நாலு. நாற்பது. அதிலும் இன்றைக்குக் காலையில் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டது யார், அதே எண்ண வராதவள்தான், பட்டன் ஒன்று குறைகிறது என்று எண்ணிப் பார்த்துத் தைத்தவளும் அவள்தான். நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று ரெண்டு மூணு நாலு. இப்படியே போனால் போதும். நாடி பார்ப்பது மாதிரிதானே, விரலை வைத்துக்கொண்டு, வேறு எதையும் நினைக்காமல். சின்னமலையிலிருந்து ஒருத்தர் வருவாரே, வரதராஜுலு, மீன்பிடி வலை விற்கிறவர், அவர் நாடி ஒரு தட்டு தட்டிவிட்டு நின்று யோசிக்கும், பிறகு இரண்டு தட்டாக ஓடி வரும், ஒரு தடவை அது நின்றே போய்விட்டது, அவள் விரலுக்கடியில், ஒன்றுமே இல்லை, அந்த ஒரு நொடியில் அவள் தலையிலிருந்த எல்லா எண்களும் கொட்டிப்போயின, பிறகு டொக் என்று திரும்பி வந்தது, அவர் கண்ணைத் திறந்து, "என்ன சிஸ்டர், மூஞ்சி வெளுத்துப்போச்சு, சாப்பிடலியா?" என்று அவளைக் கேட்டார். சாகப் போனவர் இவளைப் பார்த்துச் சாப்பிடலியா என்கிறார். நல்ல மனுஷர். அந்த வருஷமே போய்ச் சேர்ந்தார், வேறு வார்டில், அவள் லீவில் இருந்தாள், யார் விரலுக்கடியில் நின்றதோ. அந்தச் சத்தமின்மை பயங்கரம், வர வேண்டிய தட்டு வராமல் போவது, இப்போது இந்தக் கூடத்திலும் அப்படி ஒரு இடம் வந்து, அறுபது பேரும் காத்திருந்து, அவள் அடிக்காமல்...

எத்தனை?

நாற்பத்து மூன்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் வரதராஜுலு வந்துவிட்டார். எவ்வளவு நேரம் இருந்தார்? அவர் எப்போதும் சீக்கிரம் போகிற ஆள் இல்லை. கடல் அதுபாட்டுக்கு அலை அடித்துக்கொண்டிருக்கிறது, அதே மூன்று சுரம், மேலே, கீழே, இதில் எந்த அலை ஐம்பதாவது, எந்த அலை எண்பதாவது என்று எந்தக் கடலாவது சொல்லியிருக்கிறதா? பதறாதே. புல்லாங்குழல் இருக்கிறதே! புல்லாங்குழல்காரர் இரண்டு இடத்தில் கடற்புறா மாதிரிக் கத்துவார், அறுபதில் ஒன்று, தொண்ணூற்றாறில் ஒன்று. கடற்புறா வரட்டும், அதிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். காத்திருந்தாள். கீ... கீ... என்று புல்லாங்குழல் எழுந்தது, அப்பாடா, அறுபது! அறுபது ரெண்டு மூணு நாலு. அறுபதுதானா? வரதராஜுலு கண்ணைத் திறக்கும்போது எங்கேயோ கீ என்று ஒன்று கேட்ட மாதிரி இருந்ததே. அது முதல் கடற்புறாவா, அல்லது கூடத்தின் பின் கதவா? பின் கதவும் இதே சுருதியில்தான் கத்தும், மாஸ்டரே ஒரு நாள் ஏமாந்திருக்கிறார். அப்போது இது முதல் புறாவா இரண்டாவது புறாவா? அறுபது என்று நினைத்து எண்ணி இது தொண்ணூற்றாறாக இருந்தால், சூரியன் வந்து போய் இரண்டரை நிமிஷம் கழித்து அவள் தனியாக அடிப்பாள். தொண்ணூற்றாறு என்று நினைத்து இது அறுபதாக இருந்தால், நடு ராத்திரியில் சூரியன். மூன்றாவது வரிசையில் பதினோரு நர்சுகளும் முகத்தை நீட்டிக்கொண்டு பார்க்கிறார்கள், ஹெட் சிஸ்டர் கனகவல்லி கைப்பேசியை வேறு உயர்த்திப் பிடித்திருக்கிறாள், படம் எடுக்கிறாளாம். சரி, இரண்டையும் எண்ணுவோம். அறுபத்து மூன்று அல்லது தொண்ணூற்றொன்பது ரெண்டு மூணு நாலு. அறுபத்து நாலு அல்லது நூறு ரெண்டு... அதற்குள் பார் முடிந்துவிடுகிறது, வார்த்தை நீளம். அப்போதுதான் மூக்கு அரிக்க ஆரம்பித்தது. இடது நாசியின் ஓரத்தில், மிகச் சின்னதாக, கண்ணுக்குத் தெரியாத யாரோ புல்லால் தொடுகிற மாதிரி. இரண்டு கையும் தோல் வாருக்குள் நுழைந்திருக்கின்றன, ஒவ்வொரு தட்டும் இரண்டு கிலோ, ஒன்றைத் தூக்கினால் மற்றதில் பட்டுவிடும், பட்டால் விடிந்துவிடும். மூக்கைச் சுளித்தாள். உதட்டைக் கோணி மேலே ஊதினாள். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்கள் மூக்கை நீட்டுவார்கள், பக்கத்து நர்ஸ் பஞ்சால் துடைத்துவிடுவாள், இங்கே யார் இருக்கிறார்கள்? இடப்பக்கம் இருக்கிறார். வேண்டாம். மூக்கு அறுந்து விழட்டும், வேண்டாம். இந்த மல்லுக்கட்டில் இரண்டு கணக்கும் கைநழுவிப் போயிருந்தன.

வலப்பக்கம் ரூபன். கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற பையன், கண்ணாடி போட்டவன், பெரிய பேஸ் டிரம்முக்குப் பின்னால் வயிற்று வலிக்காரன் மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டே இருக்கிறான், உலகமே இடிந்தாலும் எண்ணுவான். அவனைக் கேட்கலாமா? கேட்டால் இடப்பக்கத்தார் பார்த்துவிடுவார், பார்த்தாயா எண்ண வராது என்று கண்ணாலேயே சொல்லுவார். கேட்காமல் பார்க்கலாமே. உதட்டைப் பார்த்தாள். ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் ரூபனின் உதடு குவிகிறது, நூ. மறுபடியும் நூ. நூத்தி! நூறு தாண்டிவிட்டது! கடவுளே, அது இரண்டாவது புறாதான். நூத்தி என்ன, அதற்கப்புறம் அவன் வாய் இழுத்துப் பிடித்த ரப்பர் மாதிரி ஒரே கோடு, இருபதா முப்பதா தெரியவில்லை. நாலு பார் முன்னாலேயே எழுந்து நிற்க வேண்டும், உட்கார்ந்துகொண்டு அடித்தால் சத்தம் மடியிலேயே விழுந்துவிடும். எமல்டா எழுந்தாள். எழுந்த பிறகுதான் தெரிந்தது, நின்றால் மொத்தக் கூடமும் அவளைத்தான் பார்க்கும் என்று. முன்னால் டிரம்பெட்காரர்கள் இரண்டு பேர் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துவிட்டு அவசரமாக வாத்தியத்தை வாயில் வைத்தார்கள். இவர்களும் எண்ணவில்லையா! செல்லோக்காரர் ஒருவர் அவள் நின்றதைப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மாஸ்டரின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் தாடை வரைக்கும் வந்துவிட்டது. தட்டுகளைத் தோள் உயரத்துக்கு ஏற்றினாள், விளிம்போடு விளிம்பு ஒரு நூலிழை தூரம். அடுத்த பாரா? அதற்கடுத்ததா? அந்த இடத்தில், இனித் தாங்க முடியாது என்று, இடப்பக்கம் திரும்பினாள்.

ஞானப்பிரகாசம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு குச்சிகளும் காற்றில் நிற்கின்றன, முழங்கை போலீஸ் அணிவகுப்பு மாதிரி விறைப்பாக இருக்கிறது, முகம் மட்டும் ரயிலைத் தவறவிட்டவர் முகம். இந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில், கதீட்ரலில், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, எங்கேயும் இல்லை. புருவம் இரண்டும் மேலே ஏறின, உதடு லேசாகத் திறந்தது, சத்தமில்லாமல் கேட்டது: எப்ப? அவருக்கும் விட்டுப்போயிருக்கிறது! முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து ஒரு பயம், யாருமே ஓட்டாத பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தவள் மாதிரி. எனக்கும் தெரியாது என்று உதட்டைப் பிதுக்கலாம். நியாயமாக அதைத்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் அவர் கேட்கிறார், இந்த மனுஷன், அவளை, ஒரு விஷயம் கேட்கிறார், பதில் வரும் என்று நம்பிக்கொண்டு வேறு நிற்கிறார், காலுக்குக் கீழே தரை இல்லாதவர் மாதிரி நிற்கிறார், அவரை அப்படியே நிற்க விட மனசு வரவில்லை. அலை கீழே இறங்கியது. மறுபடி ஏறத் தொடங்கியது. எமல்டா, எதையுமே அறியாமல், வார்டில் ஊசி போடப் போகும்போது முகத்தில் வைத்துக்கொள்கிற அந்த நிச்சயத்தோடு, தலையை ஒரு தடவை ஆட்டினாள்.

அடித்தார்கள். தட்டுகள் சாய்ந்து உரசி விலகின, பக் இல்லை, சூட்கேஸ் இல்லை, இத்தனை நாளில் ஒரு தடவைகூட வராத அந்தச் சத்தம் வந்தது, டிம்பனி அதற்கு அடியில் புரண்டது, டிரம்பெட்காரர்கள் துள்ளி எழுந்தார்கள், செல்லோ, வயோலா, இருபது வயலின்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தன, மாஸ்டர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து இரண்டு கையையும் விரித்தார், கூடம் முழுக்க வெளிச்சம் ஏறினது மாதிரி இருந்தது. முழுசாக இரண்டு பார். அதற்கப்புறம், எல்லோரும் சூரியனில் நன்றாக நனைந்துகொண்டிருந்தபோது, வலப்பக்கத்திலிருந்து தன்னந்தனியாக, மிகத் துல்லியமாக, தும் என்று பேஸ் டிரம் கேட்டது.

நிகழ்ச்சி முடிந்து, கூடம் இருந்த பள்ளிக்கூடத்தின் ஓவிய வகுப்பறையில் எல்லோரும் வாத்தியங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது மாஸ்டர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். வந்தவர் நேராக ரூபனிடம் போனார்.

"என்ன தம்பி, கடைசி நேரத்துல கோட்டை விட்டுட்டீங்களே. ரெண்டு பார் லேட்."

ரூபன் கண்ணாடியைக் கழற்றினான், மாட்டினான். "இல்ல சார், நூத்தி முப்பத்தேழுலதான் சார் அடிச்சேன். ஒரு பார்கூட விடாம எண்ணினேன் சார்."

"அறுபது பேர் ஒரு இடத்துல வந்தாங்க, நீங்க மட்டும் ஒரு இடத்துல வந்தீங்க. அப்ப யார் தப்பு?"

"எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு சார்" என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

எமல்டா ரூபனைப் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும், பாவம் பையன், ஒழுங்காக எண்ணின ஒரே ஆள். ஆனால் அறுபது பேர் முன்னாலா? மறுபடியுமா? எண்ண வராது என்று புருஷன் சொன்ன வார்த்தை இன்னும் இந்த அறைச் சுவர்களில்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். வாயைத் திறந்தாள். "மாஸ்டர், அது வந்து..."

"ரூபன் மேல தப்பில்ல மாஸ்டர்" என்றது அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். ஞானப்பிரகாசம் முன்னால் வந்தார். போலீஸ் பேண்டில் தண்டனைக்கு நிற்கிறவர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நாங்கதான் முந்திட்டோம். எனக்கு எழுபதுலேயே எண்ணிக்கை விட்டுப்போச்சு."

வயோலாப் பெண் பெட்டியை மூடாமல் அப்படியே நின்றாள்.

"உங்களுக்கா?" என்றார் மாஸ்டர்.

"எனக்குத்தான். இவளுக்குக் கோவம் தணிஞ்சிருக்கானு பார்த்துட்டே நின்னேன், விட்டுப்போச்சு. என்ன பண்றதுன்னு தெரியல. இவளைத்தான் கேட்டேன். இவ சொன்னா, அடிச்சேன்."

இவளைத்தான் கேட்டேன். எமல்டா கையிலிருந்த புடவைத் தலைப்பைச் சுற்றிச் சுற்றி ஒரு கயிறாக்கிவிட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால்கூடப் பரவாயில்லை போல் இருந்தது.

மாஸ்டர் மேசை மேல் காகிதக் கட்டைப் பிரித்து, பக்கம் புரட்டி, அந்த இடத்தில் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார். வாய்க்குள் முனகிப் பார்த்தார். மறுபடி முனகினார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து இரண்டு பாரின் மேல் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

"இருபது வருஷமா இந்த இடம் எனக்கு இடிச்சுக்கிட்டே இருந்தது" என்றார். "என்னன்னு தெரியல. ரெண்டு பார் ஜாஸ்தி. இனிமே நூத்தி முப்பத்தஞ்சுலயே உதிக்கட்டும்."

"அப்ப நான் சார்?" என்றான் ரூபன்.

"நீங்க அதே இடத்துல அடிங்க தம்பி. அலை ஒண்ணு பாறையில வந்து மோதின மாதிரி நல்லா இருந்தது." பென்சிலால் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு எமல்டாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "சிஸ்டர், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த இடம்தான்னு எப்படித் தெரிஞ்சது?"

அறை முழுக்க அவளைப் பார்த்தது. ஞானப்பிரகாசமும் பார்த்தார், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு. எமல்டா யோசித்தாள். உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. இப்போது சொன்னால் மாஸ்டர் அந்தக் கோட்டை அழித்துவிடுவாரோ, இன்னும் இருபது வருஷம் அந்த இடம் அவருக்கு இடித்துக்கொண்டே இருக்குமோ.

"கேட்டுது மாஸ்டர்" என்றாள்.

வெளியே பதினோரு நர்சுகளும் கதவைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள். எமல்டா சிம்பல் பெட்டியைத் தூக்கப் போனாள். அவர் அதை முந்திக்கொண்டு வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "கனமாத்தான் இருக்கு" என்று அவளிடமே சொன்னார்.